நாஸ்கார் கோப்பையை சீசன் சீசனாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

சாலைக் கார்களின் சாயலில் கட்டிய கார்கள் ஓடும் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தின் தலையாய தொடர், நாஸ்கார் என்ற அமைப்பு நடத்தும் நாஸ்கார் கோப்பை. 1949-இல் 8 பந்தயங்களோடு தொடங்கியது; இப்போது ஆண்டுக்கு 36 பந்தயங்கள். இதன் வரலாற்றைப் படிக்க உட்காரும் புதியவர் முதலில் திறப்பது சாம்பியன்களின் பட்டியலைத்தான். சில வரிகளிலேயே குழப்பம் வந்துவிடும். 1985-இல் பில் எலியட் 11 பந்தயங்களை வென்றார். பட்டமோ 3 பந்தயங்களை வென்ற டாரெல் வால்ட்ரிப்புக்குப் போனது. 1973-இல் டேவிட் பியர்சன் 18 பந்தயங்களில் மட்டுமே இறங்கி 11-ஐ வென்றார்; ஒரே ஒரு வெற்றி பெற்ற பென்னி பார்சன்ஸ் சாம்பியன் ஆனார். 2003-இல் 8 வெற்றி பெற்ற ரயன் நியூமன் ஆறாம் இடம், 1 வெற்றி பெற்ற மேட் கென்செத் முதலிடம்.

இவற்றில் எதுவும் அச்சுப்பிழை அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாவதாக வருவது ஒரு வேலை. ஆண்டு முழுக்கச் சேர்த்த கணக்கில் முதலாவதாக வருவது வேறு வேலை. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்ற விதி 1949-லிருந்து பலமுறை மாறியிருக்கிறது. அதனால் எந்த சீசனைத் திறந்தாலும் அந்த ஆண்டின் புள்ளி விதியை முதலில் படியுங்கள், சாம்பியன் பெயரைப் பிறகு படியுங்கள். கீழே வருவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதல் வேலை: நோட்டில் கோடு போடுவது

கணினியில் அட்டவணை போட்டாலும் சரி, நீளவாக்கில் பிடித்த நோட்டானாலும் சரி, சீசனுக்கு ஒரு வரி, எட்டுக் கட்டங்கள்:

1. சீசன், அதன் முதல் பந்தயமும் கடைசிப் பந்தயமும் நடந்த தேதிகள்
2. மொத்தப் பந்தயங்கள்
3. அந்த ஆண்டு தொடருக்கு இருந்த பெயர்
4. புள்ளி விதி
5. சாம்பியன், கார் எண், கார் நிறுவனம், அணி உரிமையாளர்
6. சாம்பியனின் வெற்றிகள், பக்கத்திலேயே அந்த ஆண்டு அதிக வெற்றி பெற்றவரின் பெயரும் எண்ணிக்கையும்
7. முதல் இருவருக்கும் இடையிலான புள்ளி வித்தியாசம்
8. அந்த ஆண்டு மாறிய பெரிய விதி

ஆறாவது கட்டத்தில் இரண்டு பெயரும் ஒன்றாக இல்லாத வரிக்கு சிவப்பு மையில் ஒரு புள்ளி வையுங்கள். முதல் சுற்றில் படிக்க வேண்டிய சீசன்கள் பெரும்பாலும் அந்தச் சிவப்புப் புள்ளி விழுந்தவைதான். ஆறாவது கட்டத்தை வெறும் சாம்பியனின் வெற்றியோடு நிறுத்திவிடுபவர்கள் கடைசிவரை சாம்பியன் பட்டியலை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஓட்டுநரின் பெயரை முழுதாக எழுதுங்கள். இந்தத் தொடரில் குடும்பப் பெயர் மட்டும் எழுதினால் நிச்சயம் தடுமாறுவீர்கள். லீ பெட்டி, அவர் மகன் ரிச்சர்ட் பெட்டி, பேரன் கைல் பெட்டி மூவரும் வென்றவர்கள். பாபி அலிசனும் டானி அலிசனும் சகோதரர்கள். டேவி அலிசன் பாபியின் மகன். 1984, 1996 பட்டங்கள் டெர்ரி லபான்டிக்கு. 2000-ஆவது ஆண்டுப் பட்டம் அவர் தம்பி பாபி லபான்டிக்கு. நெட் ஜாரெட் 1961, 1965. மகன் டேல் ஜாரெட் 1999. பில் எலியட் 1988. மகன் சேஸ் எலியட் 2020. கர்ட் புஷ் 2004. தம்பி கைல் புஷ் 2015, 2019.

தொடரின் பெயர்

ஒரே தொடர்தான், பெயர் மட்டும் விளம்பரதாரரோடு சேர்ந்து மாறிக்கொண்டே வந்தது. 1949-இல் ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக். 1950 முதல் 1970 வரை கிராண்ட் நேஷனல். 1971-இல் வின்ஸ்டன் சிகரெட்டின் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டது. 1986-இல் கிராண்ட் நேஷனல் உதிர்ந்து வின்ஸ்டன் கோப்பை ஆனது. 2004 முதல் நெக்ஸ்டெல், 2008 முதல் ஸ்பிரின்ட், 2017 முதல் மான்ஸ்டர் எனர்ஜி, 2020-லிருந்து வெறும் நாஸ்கார் கோப்பை.

இதில் ஒரே ஒரு குழி உண்டு. 1986-இல் உதிர்ந்த 'கிராண்ட் நேஷனல்' என்ற பெயர் அதே ஆண்டு இரண்டாம் நிலைத் தொடருக்குப் போய்விட்டது. ஆகவே 1965-இன் கிராண்ட் நேஷனல் வெற்றி உச்சத் தொடர் வெற்றி. 1995-இன் புஷ் கிராண்ட் நேஷனல் வெற்றி அடுத்த படித் தொடரின் வெற்றி. இரண்டையும் கூட்டினால் எண்ணிக்கை கெட்டுப்போகும்.

சீசன் வேறு, நாட்காட்டி ஆண்டு வேறு

பழைய சீசன்கள் பல, முந்தைய ஆண்டின் நவம்பரிலேயே தொடங்கிவிடும். இதை விட்டால் முக்கியமான ஒரு வெற்றியைத் தவறான வரியில் எழுதுவீர்கள். இந்தத் தொடரில் வென்ற முதல் கறுப்பினத்தவர் வெண்டெல் ஸ்காட். புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் அவர் வென்ற நாள் 1963 டிசம்பர் 1. ஆனால் அது 1964 சீசனின் பந்தயம். அன்று வெற்றிக் கொடி பக் பேக்கருக்குக் காட்டப்பட்டது. சுற்றுக் கணக்கைச் சரிபார்த்து ஸ்காட்தான் வென்றார் என்று அறிவித்தபோது கூட்டம் கலைந்துபோயிருந்தது. வெற்றியாளருக்கான கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை. 2021-இல்தான் நாஸ்கார் அவர் குடும்பத்துக்கு ஒரு கோப்பை வழங்கியது. இந்த வெற்றியை 1964 வரியில் எழுதி, பக்கத்தில் நடந்த தேதியையும் குறியுங்கள். தேதி இல்லாமல் எழுதினால் நாளைக்கு நீங்களே திருத்தி, சரியாக இருந்ததைத் தவறாக்கிவிடுவீர்கள்.

அதே 1964 சீசனில் 62 பந்தயங்கள். இதுவரை வேறெந்த சீசனிலும் இத்தனை இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்றுகூட நடக்கும். சில, அரை மைல் மண் தடத்தில் 100 மைல் ஓட்டம். 1971 வரை இப்படித்தான். 1972-இல் 250 மைலுக்குக் குறைவான பந்தயங்கள் நீக்கப்பட்டு, 48 பந்தயங்கள் 31 ஆகச் சுருங்கின. 'நவீன காலம்' என்று எல்லாரும் குறிப்பிடுவது இந்த 1972 கோட்டைத்தான். நோட்டில் 1971-க்கும் 1972-க்கும் நடுவே தடித்த கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலுள்ள வெற்றி எண்ணிக்கையை அப்படியே தூக்கிக் கீழே உள்ளதோடு ஒப்பிடாதீர்கள்.

அப்படியும் ஒப்பிட வேண்டுமென்றால், இறங்கிய பந்தயங்களால் வகுங்கள். ரிச்சர்ட் பெட்டி 1184 பந்தயங்களில் 200 வெற்றி. நூற்றுக்கு ஏறத்தாழ 17. பியர்சன் 574 பந்தயங்களில் 105. நூற்றுக்கு 18-க்கும் சற்று மேல். பெட்டியின் 200-ஐ யாரும் நெருங்கப்போவதில்லை என்பது உண்மை. பியர்சனின் மதிப்பு இந்த வகுத்தலில்தான் தெரியும் என்பதும் உண்மை.

புள்ளி விதிகள்: நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி

தொடக்க ஆண்டுகளில் எல்லாப் பந்தயத்துக்கும் ஒரே எடை கிடையாது. பரிசுத்தொகை, பந்தய நீளம் ஆகியவற்றைப் பொறுத்துப் புள்ளி கூடும், குறையும். 1968 முதல் 1971 வரை இது மூன்று படியாக ஒழுங்கானது: 400 மைலும் அதற்கு மேலும் என்றால் வெற்றியாளருக்கு 150, 250 முதல் 399 மைல் வரை 100, அதற்குக் கீழே 50.

புள்ளியைப் பறிக்கும் வழக்கமும் தொடக்கத்திலேயே உண்டு. 1950-இல் லீ பெட்டி, நாஸ்காரின் அனுமதி இல்லாத பந்தயத்தில் ஓட்டியதற்காக அவருடைய 809 புள்ளிகள் பறிக்கப்பட்டன. முதல் சாம்பியன் ரெட் பைரனுக்கும் அதே கதி. அந்த ஆண்டு ஒரே ஒரு பந்தயம் வென்ற பில் ரெக்ஸ்ஃபோர்ட் சாம்பியன் ஆனார். 809-ஐத் திருப்பிச் சேர்த்தால் பட்டம் பெட்டிக்கு. 1950 வரியில் எட்டாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த சீசனை நீங்கள் படிக்கவில்லை என்று பொருள்.

1972, 1973 இரண்டு ஆண்டுகளும் தனி வகை. வந்துசேர்ந்த இடத்துக்கான புள்ளியோடு, ஓடி முடித்த ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளி உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1973-இன் கடைசிப் பந்தயத்துக்கு வாருங்கள். இடம் வடகரோலைனாவின் ராக்கிங்ஹாம். புள்ளியில் முன்னணியில் இருந்த பார்சன்ஸின் கார், 13-ஆவது சுற்றிலேயே மோதி, வலப்பக்கம் பிய்ந்துபோனது. இன்றைய கணக்கில் அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அன்று ஒவ்வொரு சுற்றுக்கும் விலை இருந்தது. அதனால் அவருடைய மெக்கானிக்குகளோடு மற்ற அணிக்காரர்களும் ஓடிவந்து, தகுதிச்சுற்றில் தேறாத ஒரு காரிலிருந்து கழற்றிய பாகங்களைப் பொருத்தி, காரை மறுபடி தடத்தில் இறக்கினார்கள். 28-ஆவது இடம். கேல் யார்பரோவைவிட 67.15 புள்ளி கூடுதல். பட்டம். அந்த .15 எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை அதே விதிதான்: தடத்தின் நீளத்துக்கேற்பச் சுற்றுப்புள்ளி பின்னமாக இருந்தது.

1974 விதி இன்னும் விசித்திரம். பருவம் முழுக்க வென்ற பரிசுப்பணத்தை, இறங்கிய பந்தயங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். டேடோனா 500 போன்ற பணக்காரப் பந்தயத்தை வென்றவர் பிப்ரவரியிலேயே பறந்துபோய்விடுவார். அந்த ஆண்டு டேடோனாவை வென்றவர் ரிச்சர்ட் பெட்டி, பட்டமும் அவருக்கே. ஓராண்டிலேயே விதியைக் கைவிட்டார்கள்.

1975-இல் பாப் லாட்ஃபோர்ட் வகுத்த முறை வந்தது. இதைத் தலைகீழாகப் பாடமாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் 2003 வரையிலான பட்டங்களெல்லாம் இதன்படிதான் முடிவாயின. 2010 வரை சிறு திருத்தங்களோடு இதே அடித்தளம் நீடித்தது.

முதலிடம் 175. இரண்டாம் இடத்திலிருந்து ஆறாம் இடம் வரை ஐந்தைந்தாகக் குறையும்: 170, 165, 160, 155, 150. ஏழிலிருந்து பதினொன்று வரை நான்கு நான்காக: 146, 142, 138, 134, 130. பன்னிரண்டிலிருந்து மும்மூன்றாக: 127, 124 என்று போய் 43-ஆவது இடத்துக்கு 34. ஒரு சுற்றாவது முன்னணியில் ஓடினால் 5. எல்லாரையும்விட அதிகச் சுற்று முன்னணியில் இருந்தவருக்கு இன்னொரு 5.

இந்தப் பட்டியலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெற்றிக்கும் இரண்டாம் இடத்துக்கும் ஐந்தே புள்ளி. எஞ்சின் வெடித்துக் கடைசியாக வந்தால் 141 புள்ளி நட்டம். ஆக, ஒரு எஞ்சின் வெடிப்பை ஈடுகட்டப் பல வெற்றிகள் தேவை. ஒரு வெற்றியை ஈடுகட்ட, பழுதில்லாத ஒரு நான்காம் இடம் கிட்டத்தட்டப் போதும். கென்செத் 2003-இல் 36 பந்தயங்களில் 25 முறை முதல் பத்துக்குள் வந்தார். நியூமன் வென்றார் அல்லது வழியில் நின்றார். எலியட்டின் 1985-உம் இதே வகை.

இனி ஒரு பயிற்சி. தாளையும் பேனாவையும் எடுங்கள். 1992 நவம்பர் 15, அட்லாண்டா, சீசனின் கடைசிப் பந்தயம். புள்ளியில் முன்னணியில் இருந்த டேவி அலிசன் மோதலில் சிக்கி விழுந்தார். மிஞ்சியவர்கள் இருவர்: ஆலன் குல்விக்கி, அவரைவிட 10 புள்ளி பின்தங்கிய பில் எலியட். பந்தயத்தை எலியட் வென்றார், குல்விக்கி இரண்டாவது. எலியட்டுக்கு 175-உம் முன்னணிக்கான 5-உம் சேர்த்து 180. குல்விக்கிக்கு 170, முன்னணிக்கு 5, அதிகச் சுற்று முன்னணிக்கு 5; அவருக்கும் 180. வித்தியாசம் மாறாமல் 4078-க்கு 4068 என்று முடிந்தது. குல்விக்கி முன்னணியில் ஓடியது 103 சுற்று, எலியட் 102.

அந்த 103-இல் ஒரு சுற்றை எலியட் பக்கம் நகர்த்துங்கள். எலியட் 185, குல்விக்கி 175. மொத்தம் இருவருக்கும் 4073. சமன் என்றால் வெற்றிகளை எண்ண வேண்டும்: எலியட் 5, குல்விக்கி 2. பட்டம் கைமாறுகிறது. குல்விக்கியின் அணி பெட்ரோல் நிரப்ப அழைக்கும் நேரத்தைச் சுற்றுக்கணக்குப் போட்டுத்தான் முடிவுசெய்தது. ஒரு சுற்றின் விலை இவ்வளவு என்று தெரிந்தவர்களின் முடிவு அது. சொந்த அணியை நடத்திக்கொண்டு, தானே ஓட்டிப் பட்டம் வென்ற அந்த மனிதர் அடுத்த ஏப்ரல் 1 அன்று விமான விபத்தில் இறந்தார். ஜூலையில் டேவி அலிசனும் ஹெலிகாப்டர் விபத்தில் போனார். 1993 வரியின் ஓரத்தில் இதை எழுதாமல் கடக்க மனம் வராது.

அடுத்த படி. வெற்றிக்கு 2004-இல் 180, 2007-இல் 185 என்று உயர்த்தினார்கள். 2007-இன் கணக்கைப் பழைய சீசன்கள் மேல் வைத்துப் பாருங்கள். வெற்றிக்குப் பத்துப் பத்தாகக் கூட்டினால் போதும். 1992-இல் எலியட் 4118, குல்விக்கி 4098: பட்டம் மாறிவிடும். 1985-இல் எலியட்டுக்கு 110 கூடும், வால்ட்ரிப்புக்கு 30 கூடும். 101-ஆக இருந்த வித்தியாசம் 21-ஆகக் குறையும், ஆனாலும் பட்டம் வால்ட்ரிப்பிடமே நிற்கும். இந்த இரண்டு கணக்கையும் கையால் போட்டவருக்கு விதி என்ன செய்யும், எதைச் செய்யாது என்பது பிடிபட்டுவிடும். ஓர் எச்சரிக்கை மட்டும்: அன்றைய ஓட்டுநர்கள் அன்றைய விதிக்கேற்ப ஓட்டியவர்கள். விதி வேறாக இருந்தால் ஓட்டமும் வேறாக இருந்திருக்கும். எனவே இது பயிற்சிதான், பட்டத்தை மாற்றி எழுதும் உரிமை அல்ல.

2004-க்குப் பிறகு: புள்ளி மொத்தத்தை நம்பாதீர்கள்

கென்செத்தின் 2003 பட்டத்தையொட்டி எழுந்த விவாதத்துக்கு அடுத்த ஆண்டே 'சேஸ்' வந்தது. 26 பந்தயங்கள் முடிந்ததும் முன்னணியில் உள்ளவர்களின் புள்ளியை ஏறத்தாழ சமப்படுத்தி, கடைசி 10 பந்தயங்களில் அவர்களுக்குள் போட்டி. 2004-இல் கர்ட் புஷ் 6506, ஜிம்மி ஜான்சன் 6498, ஜெஃப் கார்டன் 6490. பழைய முறைப்படி கூட்டினால் அந்த ஆண்டு சாம்பியன் கார்டன். 2007-உம் அவருக்கே போயிருக்கும். 2006 முதல் 2010 வரை ஜான்சன் தொடர்ந்து வென்ற ஐந்து பட்டங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் தலைமை மெக்கானிக் சாட் நவுஸும் கடைசி 10 பந்தயங்களுக்கென்றே தயாராவதை மற்றவர்களுக்கு முன்பே கற்றுக்கொண்டார்கள்.

இந்தக் காலத்தில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு மொத்தப் புள்ளிகளை ஒப்பிடுவது. 2010-இல் ஜான்சன் 6622; 2011-இல் டோனி ஸ்டீவர்ட் 2403. ஸ்டீவர்ட் மோசமாக ஓட்டவில்லை. 2011-இல் வெற்றிக்கு 43-உம் கூடுதலாக 3-உம், அடுத்தடுத்த இடத்துக்கு ஒவ்வொன்றாகக் குறையும் எளிய முறை வந்தது. அந்த 2011 இறுதி இந்தத் தொடரின் அழகான நாள்களில் ஒன்று. ஹோம்ஸ்டெட்டில் ஸ்டீவர்ட் வென்றார், கார்ல் எட்வர்ட்ஸ் இரண்டாவது, இருவருக்கும் 2403. ஸ்டீவர்ட்டுக்கு அந்த ஆண்டு 5 வெற்றி, எட்வர்ட்ஸுக்கு 1. சமனை உடைத்தது அதுதான். ஸ்டீவர்ட்டின் அந்த ஐந்தும் கடைசி 10 பந்தயங்களில் வந்தவை.

2014-இல் விதி முற்றிலும் திரும்பியது. 16 பேர், பிறகு 12, 8, 4 என்று வடிகட்டி, கடைசிப் பந்தயத்தில் நால்வருள் முந்தி வருபவர் சாம்பியன். வழக்கப் பருவத்தில், அதாவது முதல் 26 பந்தயங்களில், ஒரு வெற்றி இருந்தால் 16-க்குள் நுழைய ஏறக்குறைய உறுதி. இதன் விளைவுகளைப் பாருங்கள். அந்த ஆண்டே, ஒரு வெற்றிகூட இல்லாத ரயன் நியூமன் 5042 புள்ளியோடு இரண்டாவதாக வந்தார். சாம்பியன் கெவின் ஹார்விக் 5043. 2015-இல் கைல் புஷ் பிப்ரவரியில் டேடோனாவில் கால் முறிந்து முதல் 11 பந்தயங்களில் ஓட்டவே இல்லை; ஆனாலும் சாம்பியன். 2024-இல் ஜோயி லொகானோ எட்டுப் பேர் சுற்றுக்குத் தேறாமல் வெளியே நின்றார். அலெக்ஸ் பவ்மனின் கார் எடை குறைவு என்று ஆய்வில் தள்ளுபடி ஆனதும் உள்ளே வந்து, அடுத்த வாரமே லாஸ் வேகஸை வென்று, கடைசியில் பட்டத்தையும் எடுத்தார்.

2017 முதல் 2025 வரை வெற்றிக்கு 40, இரண்டாம் இடத்துக்கு 35. பந்தயத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்ட முடிவில் முதல் பத்துப் பேருக்கு 10 முதல் 1 வரை. இறுதி நால்வர் 5000-இல் தொடங்கினார்கள், அவர்களுக்குக் கடைசிப் பந்தயத்தில் கட்டப்புள்ளி இருக்கவில்லை. ஆகவே 5040 என்று பார்த்தால் அந்தச் சாம்பியன் கடைசிப் பந்தயத்தை வென்றார் என்று படியுங்கள். 2023-இல் ரயன் பிளேனிக்கு 5035: இரண்டாவதாக வந்தார். 2025-இல் கைல் லார்சனுக்கு 5034: மூன்றாவது. அந்தக் கடைசிப் பந்தயத்தில், ஃபீனிக்ஸில், 208 சுற்றுகள் முன்னணியில் ஓடியவர் டென்னி ஹாம்லின்; முடிவுக்கு மூன்று சுற்று இருக்கும்போது வந்த, எல்லாரையும் மெதுவாக்கி ஒன்றுசேர்க்கும் மஞ்சள் கொடி அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தது. 2026-இல் வடிகட்டலும், வென்றால் நுழைவு என்ற விதியும் நீங்கி, 16 பேர் 10 பந்தயங்களுக்குப் புள்ளி சேர்க்கும் முறை திரும்பியிருக்கிறது. தடித்த கோடு இன்னொன்று அங்கே போட வேண்டும்.

எந்த சீசனில் தொடங்குவது

1949-இல் தொடங்கி வரிசையாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் 1956-க்குள் சோர்ந்துவிடுவார்கள். நாங்கள் சொல்லும் வரிசை இது: 1992, 1985, 1979, 1973, 1967, 1964, 1950, அதன்பின் 2003, 2004, 2011, 2015. ஒன்றுக்கு ஒரு மணி நேரம் போதும். இந்தப் பதினொன்றும் முடிந்தபின் 1949-க்குப் போய் வரிசையாக இறங்குங்கள்.

1979-ஐ விட்டுவிடாதீர்கள். பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 முதல் முறையாகத் தொடக்கம் முதல் முடிவு வரை தேசியத் தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது. கிழக்கு அமெரிக்கா பனியில் முடங்கி வீட்டுக்குள் இருந்தது. கடைசிச் சுற்றில் யார்பரோவும் டானி அலிசனும் மோதி நின்று, புல்தரையில் கைகலந்தார்கள். பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி வென்றார். அதே ஆண்டு பட்டத்தையும் வால்ட்ரிப்பிடமிருந்து 11 புள்ளியில் பறித்தார். 1967 வேறு காரணத்துக்காக: பெட்டி 48 பந்தயங்களில் இறங்கி 27 வென்றார், அதில் தொடர்ச்சியாக 10.

1956-ஐ வரிசையில் வரும்போது நிதானித்துப் படியுங்கள். ஹெர்ப் தாமஸ் பட்டத்தில் முன்னணியில் இருந்தார். கார்ல் கீக்ஹேஃபர் தன் ஓட்டுநர் பக் பேக்கருக்காக, ஷெல்பி என்ற ஊரில் ஒரு கூடுதல் பந்தயத்தை ஏற்பாடு செய்தார். அங்கே கீக்ஹேஃபர் அணியின் இன்னொரு கார் இடித்ததில் தாமஸ் படுகாயம் அடைந்தார். பட்டம் பேக்கருக்குப் போனது. கீக்ஹேஃபர் அந்த சீசனோடு விலகிவிட்டார்.

கார் நிறுவனக் கட்டம்

ஒரு நிறுவனம் திடீரென்று எல்லாவற்றையும் வென்றாலோ காணாமல் போனாலோ, திறமைக்கு முன் விதியைத் தேடுங்கள். 1965-இல் ஃபோர்டு 55 பந்தயங்களில் 48-ஐ வென்றது; காரணம், தன் ஹெமி எஞ்சினை நாஸ்கார் தடை செய்ததால் கிரைஸ்லர் சீசனின் பெரும்பகுதியில் ஒதுங்கி நின்றது. கிரைஸ்லரின் பிளிமத் காரை ஓட்டிய ரிச்சர்ட் பெட்டி அந்த இடைவெளியில், நேர்க்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் டிராக் பந்தயத்துக்குப் போய்விட்டார். 1970-இல் உயர்ந்த வாலும் கூர்மூக்கும் வைத்த பிளிமத் சூப்பர்பேர்டு, டாட்ஜ் டேடோனா கார்கள். 1971-இல் அவற்றின் எஞ்சினை 305 கன அங்குலத்துக்குக் கட்டுப்படுத்தியதும் அவை மறைந்தன. 1987-இல் டல்லடேகாவில் எலியட் மணிக்கு 212.809 மைல் வேகத்தில் தகுதிச்சுற்று ஓடினார். அதே வாரப் பந்தயத்தில் பாபி அலிசனின் கார் பறந்து பார்வையாளர் வேலியைக் கிழித்தது. 1988 முதல் டேடோனாவிலும் டல்லடேகாவிலும் எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு கட்டாயமானது. அதனால்தான் அந்த 212.809 இன்றும் முறியாமல் நிற்கிறது. டொயோட்டா 2007-இல் நுழைந்தது, டாட்ஜ் 2012-இல் பிராட் கெசலௌஸ்கியின் பட்டத்தோடு வெளியேறியது. 2001 பிப்ரவரி 18-இல் டேல் எர்ன்ஹார்ட் டேடோனாவின் கடைசிச் சுற்றில் இறந்தார். அக்டோபரில் கழுத்துப் பாதுகாப்புப் பட்டை கட்டாயமானது. எட்டாவது கட்டத்தில் இவையெல்லாம் வர வேண்டும்.

எண்ணிக்கை வழுக்கும் இடங்கள்

ஒரே ஊர்ப்பெயர், வேறு தடம். 1958 வரை டேடோனா என்றால் கடற்கரை மணலும் சாலையும் சேர்ந்த தடம். 1959 முதல் 2.5 மைல் தார்த் தடம். 1949 ஜூன் 19-இல் முதல் பந்தயம் நடந்த சார்லட் தடம் முக்கால் மைல் மண். 1960-இல் திறந்த 1.5 மைல் சார்லட் வேறு.

டேடோனா 500-க்கு முந்தைய தகுதிப் பந்தயங்கள் 1971 வரை முழு வெற்றியாக எண்ணப்பட்டன. 1972 முதல் இல்லை. புள்ளி இல்லாத ஆல்ஸ்டார் பந்தயத்தை எந்த ஆண்டிலும் எண்ணக்கூடாது.

ஓட்டுநர் நடுவில் மாறினால் வெற்றி, காரைத் தொடங்கியவருக்கே. 1977 ஆகஸ்டில் டல்லடேகாவின் கடைசிச் சுற்றுகளை ஓட்டியது வால்ட்ரிப்; வெற்றி டானி அலிசன் பெயரில்.

ஆய்வில் தோற்ற காரை எப்படி நடத்துவது என்பதும் காலத்துக்குக் காலம் மாறியது. முதல் பந்தயத்திலேயே கிளென் டனவே, பின் ஸ்பிரிங்கை மாற்றியதற்காக நீக்கப்பட்டு, வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. 1983-இல் சார்லட்டில் பெட்டியின் எஞ்சின் அளவு மீறியிருந்தது. 104 புள்ளியும் 35,000 டாலரும் பறித்தார்கள், வெற்றியை விட்டுவைத்தார்கள். 2019-இல் விதி மீண்டும் இறுகியது. 2022-இல் போகோனோவில் முதலாவது வந்த ஹாம்லினும் இரண்டாவது வந்த கைல் புஷ்ஷும் நீக்கப்பட, வெற்றி சேஸ் எலியட்டுக்குச் சேர்ந்தது. ஆகவே 'வென்றார்' என்ற சொல்லை எழுதுமுன் அன்றைய ஒளிப்பதிவை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். மறுநாள் அறிவித்த முடிவைப் பாருங்கள்.

ஆறாவது கட்டத்தை மட்டும் பென்சிலில் எழுதுங்கள். 1971-இல் வின்ஸ்டன்-சேலத்தின் போமன் கிரே தடத்தில் பாபி அலிசன் ஒரு முஸ்டாங்கில் முதலாவதாக வந்தார். அது கிராண்ட் அமெரிக்கன் என்ற சிறிய தொடரின் கார். இரண்டு தொடரின் கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயம் அது. அந்த வெற்றி யார் கணக்கிலும் சேராமல் அரை நூற்றாண்டுக்கு மேல் தொங்கியது. 2024 அக்டோபரில் நாஸ்கார் அதை அவருக்கே அளித்தது. மொத்தம் 84 என்பது 85 ஆனது. அடுத்த மாதம் அவர் காலமானார். பழைய அச்சில் 84 என்று பார்த்தால் அது அச்சடித்த நாளில் சரியான எண்தான்.